ஒன்பது புள்ளி நான்கு

13 ஜூலை 2025, ஞாயிறு

மதியம் ரெஜிஸ்டர் எழுதி முடித்தேன். இந்த வாரப் பக்கத்தில் ஓர் அடித்தல்கூட இல்லை. அப்பா கையெழுத்துப் போட மட்டும் பேனாவை வாங்கினார். ‘சென்றாயன்’ என்று எழுதி முடிப்பதற்குள் வழக்கம்போல முனை தாளைக் கீறிவிட்டது.

ஒன்பதாம் வகுப்பில் கையெழுத்துப் போட்டியில் பரிசு வாங்கியதிலிருந்து இது என் வேலை. அப்பா பேரிகை ரோட்டில் இருக்கிற பழைய ஆயில் கம்பெனியில் ஆபரேட்டர். லாரியிலும் பஸ்ஸிலும் வடித்த கறுப்பு ஆயிலை பெங்களூரிலிருந்து டேங்கரில் கொண்டுவந்து, காய்ச்சி வடித்து, தேன் நிறத்தில் திரும்ப விற்கிற கம்பெனி. காய்ச்சும்போது கந்தகப் புகை வரும். அதை அப்படியே வெளியே விடக்கூடாது என்பது அரசு விதி. ஸ்க்ரப்பர் என்று ஒரு பெரிய தொட்டி இருக்கிறது. அதற்குள் காஸ்டிக் சோடா கலந்த தண்ணீரைப் பீய்ச்சி, புகையைக் கழுவித்தான் மேலே அனுப்ப வேண்டும். அந்தத் தண்ணீரின் காரத்தன்மை (pH) ஒன்பதுக்குக் கீழே இறங்கக்கூடாது. ஷிப்டுக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்து எண்ணை எழுதிவைத்து, மாசு வாரியம் வந்தால் காட்ட வேண்டும்.

எண்களை சூப்பர்வைசர் வெள்ளைச்சாமி அங்கிள் ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கித் தருவார். நான் கிழமையும் ஷிப்டும் போட்டு அதைப் பெயர்த்து எழுதுவேன். 9.2, 9.6, 9.4. எனக்குப் பிடித்தது 9.4. என் நான்கு நன்றாக வரும்.

எழுதி முடித்த சீட்டுகளைப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்துக்கொள்கிறேன். இந்த டைரியும் கம்பெனி கொடுத்ததுதான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘தூய எண்ணெய், தூய நாளை’ என்று அச்சிட்டிருக்கிறது.

17 ஜூலை, வியாழன்

இன்றும் பிரார்த்தனைக் கூட்டத்தில் நாற்றம். அழுகின முட்டையையும் கருகின பூண்டையும் சேர்த்துக் கரைத்த மாதிரி. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாந்தி எடுத்தாள். ஜன்னல்களைச் சாத்திவிட்டு இயற்பியல் நடந்தது.

எவாஞ்சலினோடு சண்டை. அவள் வீடு கம்பெனி மதிலுக்கு நேர் பின்னால் இருக்கிறது. “உங்கப்பா கம்பெனிதான்டி” என்றாள். ரீடிங் எல்லாம் சரியாக இருக்கிறது, நான் பார்க்கிறேன், நாற்றம் கர்நாடகா பக்கத்திலிருந்து வருகிறது என்றேன். வெள்ளைச்சாமி அங்கிள் அப்படித்தான் சொல்வார்.

“காத்துக்கு ஆதார் கார்டு பாத்தியா நீ? எந்த ஸ்டேட்டுன்னு கரெக்டா சொல்ற.”

பெஞ்சே சிரித்தது. எனக்குக் கோபம் தாங்கவில்லை. தெரியாமல் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிகிறது.

வீட்டில் சொன்னேன். அப்பா, “எனக்கு ஒரு நாத்தமும் தெரியலியே” என்றார். “உனக்கு மூக்கு செத்து நாலு வருஷமாவுது. ரசம் தீஞ்சாகூட குந்தினு இருக்க” என்றாள் அம்மா.

27 ஜூலை, ஞாயிறு

அப்பாவின் சாப்பாட்டுப் பையில் மோர் கொட்டி, சீட்டில் நான்கு எண்கள் அழிந்துவிட்டன. என்ன செய்ய என்று கேட்டேன். “பக்கத்துல இருக்கறத பாத்து நீயே போடும்மா.” போட்டேன். கெமிஸ்ட்ரி லேபில் எல்லோரும் செய்வதுதானே? மூன்று முறையும் ஒரே அளவு வராவிட்டால் பொற்கொடி மிஸ்ஸே, “பக்கத்து பெஞ்சுல என்ன வந்துச்சுன்னு பாரு” என்பார்.

நான் போட்ட நான்கு எண்களும் மற்றவற்றைவிட இயல்பாக இருந்தன.

22 ஆகஸ்ட், வெள்ளி

வெள்ளைச்சாமி அங்கிள் கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறாராம், மதுரைக்கு அந்தப் பக்கம். அதனால் அடுத்த வாரச் சீட்டையும் இன்றே கொடுத்தனுப்பிவிட்டார். 25 முதல் 30 வரை, மூன்று ஷிப்டுக்கும்.

இன்னும் வராத திங்கட்கிழமைக்கு எப்படி எண் வரும் என்று அப்பாவைக் கேட்டேன். “செட்டிங் வெச்சிருக்காங்க. அதேதான் வரும்.”

சரி. ரயில்வே அட்டவணை மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். எழுதிவிட்டேன்.

23 ஆகஸ்ட், சனி

திமிங்கிலப் புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தேன். நீலத் திமிங்கிலத்தின் நாக்கு ஒரு யானை எடை. இதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை.

11 செப்டம்பர், வியாழன்

எவாஞ்சலின் பரீட்சைக்கு வரவில்லை. அவள் அம்மா மேரிராணி ஆன்ட்டிக்கு இழுப்பு அதிகமாகி ஓசூர் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். மூக்கில் மருந்துப் புகை பிடிக்கிறார்களாம். நான் போய்ப் பார்க்கவில்லை. போனால் அவள் ஏதாவது சொல்வாள்.

1 அக்டோபர், புதன் — ஆயுத பூஜை

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

வருடத்தில் இந்த ஒருநாள்தான் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். போன இரண்டு வருடமும் எனக்குக் காய்ச்சல், பரீட்சை என்று போகாமல் விட்டுவிட்டது. கேட்டில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். டேங்கர்களுக்கெல்லாம் மாலை. பூஜைக்காக அடுப்பை அணைத்திருந்தார்கள். அம்மா பொரிகடலைப் பொட்டலம் வாங்க வரிசையில் நின்றாள்.

நான் அப்பாவிடம் கேட்டது ஒன்றுதான். ஸ்க்ரப்பரைக் காட்டு. இரண்டு வருடமாக அதற்கு எழுதுகிறேன், முகத்தைப் பார்க்க வேண்டாமா?

“அங்கெல்லாம் எண்ணெ வழுக்கும். வேணாம்.”

அப்பாவின் ஷிப்டில் வேலை செய்கிற அஜித்குமார் அண்ணன்தான், “அட, வா சுமா, நான் காட்டறேன்” என்று கூட்டிப்போனார். நீல நிறத்தில், என் உயரத்துக்கு மூன்று மடங்கு. மாலை போட்டிருந்தார்கள். அடியில் மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிமெண்டுத் திண்டும் நான்கு போல்ட்டுகளும் மட்டும் இருந்தன. ஒவ்வொரு போல்ட்டுக்கும் சந்தனம் வைத்து, சந்தனத்தின்மேல் குங்குமம். மீட்டரின் திரை செத்துக் கறுத்துக் கிடந்தது. அதன்மேல் மூன்று பட்டை விபூதி. கீழ்க் கதவு வழியாகத் தொட்டிக்குள் குனிந்து பார்த்தேன். ஈரமே இல்லை. காய்ந்த இலைகள். ஓர் ஓணான் என்னைப் பார்த்துத் தலையாட்டியது.

“மோட்டார் எங்கண்ணா?”

“அதுவா? காயில் கம்பி எரிஞ்சு போச்சு. இன்னா ஒரு ரெண்டு வருஷம் இருக்கும். பைபாஸ் வால்வ தொறந்து வுட்டா பொகை நேரா மேல போயிடும். நீ ஏன் முழிக்கிற? உனக்குத் தெரியாதா? நீதான எழுதற?”

பிறகு எல்லோரும் வந்தார்கள். வெள்ளைச்சாமி அங்கிள் பூசணிக்காயைச் சுற்றி அந்தத் திண்டின் முன்னால் உடைத்தார். “இந்த வருசமும் ஒரு குறையில்லாம ஓடணும் சாமி” என்று சத்தமாகச் சொன்னார். எதுய்யா ஓடணும்? நாலு போல்ட்டா ஓடும்?

இரண்டு வருடம். மோட்டார் எரிந்தபோதுதான் என் கையெழுத்து இவர்களுக்கு அழகாகத் தெரிந்திருக்கிறது.

2 அக்டோபர், வியாழன்

என்ன அழகான நான்கு. தூ.

4 அக்டோபர், சனி

கேட்டுவிட்டேன். மோட்டாரே இல்லாத மெஷினுக்கு எப்படிப்பா ரீடிங் வந்தது?

“கத்தாத. கம்பெனின்னா ஆயிரம் இருக்கும். எல்லாம் உனக்கு ஒப்பிச்சினு இருக்கணுமா?”

“மேரிராணி ஆன்ட்டிக்கு மூச்சு இழுக்குது.”

“மதிலுக்கு ஒட்டி வூடு கட்டுன்னு நானா சொன்னேன்?”

“நான் இனிமே எழுத மாட்டேன்.”

“எழுதாத. போ. உங்கம்மா மாதிரி ரோஜா ஷெட்ல முள்ளு கிள்ளப் போ.”

அப்பா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நானும் அப்பாவை இப்படி வெறுத்ததில்லை. வெறுக்கிறேன் என்று எழுதியாகிவிட்டது. அடிக்க மாட்டேன்.

5 அக்டோபர், ஞாயிறு

காலையில் எவாஞ்சலின் வீட்டுக்குப் போனேன். மேரிராணி ஆன்ட்டி கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிறாராம், எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார். நான் எழுதுகிறேன் என்றேன். எவாஞ்சலின் சந்தேகமாகப் பார்த்தாள். ரெஜிஸ்டர் பற்றி அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

மதியம் வீட்டில் ரெஜிஸ்டர் மேஜைமேல் இருந்தது. தொட மாட்டேன் என்றேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா என் காலடியில் உட்கார்ந்து, “இந்த ஒரு வாரம் மட்டும் எழுதிடு கண்ணு, நாளைக்கு அவங்க கேட்டா உங்கப்பன் என்னா சொல்லும்?” என்று அழுதாள்.

எழுதினேன். பதினெட்டு எண்கள்.

மாலையில் மனுவை எழுதினேன். ‘புகையைக் கழுவும் கருவி இயங்காமல், நச்சுக் காற்று வெளியேற்றப்படுகிறது.’ ஒன்றரைப் பக்கம், ஓர் அடித்தல் இல்லை. இரண்டுக்கும் ஒரே பேனா. என்ன பிறவி நான்?

6 அக்டோபர், திங்கள்

மனுநாள். முப்பத்தொரு கையெழுத்தோடு மேரிராணி ஆன்ட்டி கிருஷ்ணகிரி போய்க் கொடுத்துவிட்டு வந்தார். மாசு வாரியத்துக்கு அனுப்புவார்களாம். பஸ்ஸில் நின்றே வந்ததால் பேச முடியாமல் விரலைக் காட்டி ரசீது எண் சொன்னார்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. இன்றைக்கு ஒருநாள் அவர்கள் புகையை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

24 அக்டோபர், வெள்ளி

வாரியத்திலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். தேதியைக் கடிதத்தில் எழுதி முன்னாலேயே அனுப்பியிருந்தார்களாம், பரீட்சைக்குத் தேதி சொல்வது மாதிரி. புதன்கிழமை ஒரு மோட்டார் வாடகைக்கு வந்து திண்டில் உட்கார்ந்தது. இன்று மாலை வண்டி ஏறிப் போய்விட்டது. அஜித்குமார் அண்ணன்தான் தெருவில் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா ஒரு பாக்கெட் மைசூர்பாகோடு வந்தார். இருபது நாளில் முதல் தடவையாக என்னிடம் சந்தோஷமாகப் பேசினார்.

“சுப்ரியான்னு ஒரு இன்ஜினியர் மேடம் வந்தாங்க. ரெஜிஸ்டர பாத்து அப்படியே அசந்துட்டாங்க. இந்த ஏரியாவுலயே இவ்ளோ சுத்தமா யாரும் வெச்சிருக்கலன்னாங்க. எல்லாம் உன் கைதான்.”

மைசூர்பாகை நான் தொடவில்லை. அப்பாவுக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

10 நவம்பர், திங்கள்

மேரிராணி ஆன்ட்டிக்குப் பதில் வந்துவிட்டது. எவாஞ்சலின் வகுப்பில் என்னிடம் நீட்டினாள். மூன்று வரிகளை மட்டும் பெயர்த்து வைக்கிறேன், பழக்கம்.

‘ஆய்வின்போது கருவி இயங்கும் நிலையில் காணப்பட்டது. கடந்த இரண்டு ஆண்டுகளின் பதிவேட்டைச் சரிபார்த்ததில் அனைத்து அளவுகளும் விதிக்கப்பட்ட வரம்புக்குள் உள்ளன. மனு முடித்துவைக்கப்படுகிறது.’

துர்நாற்றம் அண்டை மாநிலத்திலிருந்து வரக்கூடும் என்றும் ஒரு வரி.

நான் எழுதின மனுவை நான் எழுதின ரெஜிஸ்டர் தோற்கடித்துவிட்டது. ஒரே கை. சண்டையே இல்லை.

“எவனோ உக்காந்து பொய்க்கணக்கு எழுதி வெச்சிருக்கான் பாரு. அவன் கை வெளங்குமா?” என்றாள் எவாஞ்சலின். அவள் சொன்னது என் பக்கத்தில், என் தோளில் சாய்ந்துகொண்டு.

12 நவம்பர், புதன்

பள்ளி விட்டு வந்தால் வீட்டில் வெள்ளைச்சாமி. (அங்கிள் இனி இல்லை.) மனுவைப் படியெடுத்து, விளக்கம் கேட்டு கம்பெனிக்கே அனுப்பியிருக்கிறார்கள். அந்த நகலை ரெஜிஸ்டர் பக்கத்தில் வைத்து அப்பாவிடம் காட்டிக்கொண்டிருந்தார். அம்மா கதவருகே நின்றிருந்தாள்.

“வாத்தா. நல்லாத்தேன் படிக்கிற. இந்தா, இந்த ‘க’வுக்கு வாலு ஒண்ணு போடுறியே, அது இதுலயும் இருக்கு, அதுலயும் இருக்கு. நான் ரெண்டு வருசமா பாக்குற கை. எனக்குத் தெரியாதா?”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. நகலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சின்னப்புள்ள, தெரியாம செஞ்சிருச்சு. முதலாளிகிட்ட நான் சொல்லல. ஆனா ஒண்ணு, இது மேல போச்சுன்னு வையி, ஒவ்வொரு பக்கத்துலயும் யாரு கையெழுத்து இருக்கு? என் கையெழுத்தா? சென்றாயன் கையெழுத்து. போலீசு வந்தா ஒங்க வீட்டுக்குத்தேன் வரும். யோசிச்சு எழுது.”

அவர் போன பிறகு அப்பா ஒரே ஒரு வாக்கியம் பேசினார். என்னிடம் இல்லை, அம்மாவிடம்.

“இனிமே அவ எங்கிட்ட பேச வேணாம்னு சொல்லு.”

13 நவம்பர், வியாழன்

பொற்கொடி மிஸ்ஸிடம் சொல்லிப் பார்த்தேன். பாதி கேட்டுவிட்டு எழுந்துவிட்டார். “எங்கயும் என் பேர மட்டும் சொல்லிடாத சுமலதா. நீ ஒழுங்கா படி.” படித்துத்தான் இந்த கதி.

15 நவம்பர், சனி

மூன்று நாளாக ஒன்றையே யோசிக்கிறேன். பக்கங்களில் அப்பாவின் கையெழுத்து. எண்கள் என் எழுத்து. வெள்ளைச்சாமி எங்கே? சீட்டில். சீட்டுகள் எங்கே?

என் புத்தகங்களை எல்லாம் உதறினேன். ஆறு கிடைத்தன. அவர் கிறுக்கல்தான், ஏழுக்கு நடுவில் கோடு போடுவார். ஆனால் இவற்றை வைத்து என்ன சொல்ல? மீட்டரைப் பார்த்துத்தான் எழுதினேன் என்பார்.

அப்போதுதான் திருப்பிக் கொடுத்த திமிங்கிலப் புத்தகம் ஞாபகம் வந்தது.

நூலகத்துக்கு ஓடினேன். தங்கமணி மேடம் ஒரு தனி ரகம். திரும்பி வருகிற புத்தகத்தில் எதைக் கண்டாலும் — மயிலிறகு, பஸ் டிக்கெட், காதல் கடிதம் — சிவப்பு மையால் அதன் மூலையில் தேதியும் புத்தக எண்ணும் எழுதி ஒரு டிராயரில் போட்டுவைப்பார். உரியவர் வந்தால் திட்டிவிட்டுக் கொடுப்பார். ஊரே இதற்காக அவரைக் கேலி செய்யும். நானும் செய்திருக்கிறேன்.

“வந்துட்டியா? புஸ்தகத்த குப்பத்தொட்டின்னு நெனச்சுக்கினியா? மூணு மாசமா வெச்சினு இருக்கேன்” என்று டிராயரைக் கவிழ்த்தார்.

இருந்தது. வெள்ளைச்சாமியின் கையில் 25-8 முதல் 30-8 வரை எண்கள். மூலையில் சிவப்பு மையில்: 23.8.25.

நடக்காத ஆறு நாட்களின் ரீடிங். அதை ஓர் அரசு நூலகர் இரண்டு நாள் முன்பே தேதி போட்டு வைத்திருக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “அட இதுக்குப் போயி... அபராதம்லாம் இல்லடி” என்றார்.

16 நவம்பர், ஞாயிறு

மேரிராணி ஆன்ட்டியிடமும் எவாஞ்சலினிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரெஜிஸ்டர் எழுதினது நான்தான் என்று.

ஆன்ட்டி சீட்டை வாங்கி மூலையிலிருந்த சிவப்புத் தேதியைப் பார்த்தார். பிறகு, “காலைல ஏழரை பஸ்சு. சாப்ட்டு வா” என்றார்.

எவாஞ்சலின் வாசல்வரை வந்தாள். “ஒரு வரி எழுத உனக்கு எவ்ளோ நேரமாவும்? எங்கம்மாவுக்கு ஒரு மூச்சு இழுக்க அவ்ளோ நேரமாவும்” என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரெஜிஸ்டரை இன்று நான் எழுதவில்லை. அப்பா கொண்டுவரவும் இல்லை.

17 நவம்பர், திங்கள்

வாரிய அலுவலகம். சுப்ரியா மேடத்துக்கு எங்களைப் பார்த்ததும் முகம் சுளித்தது. “பதில்தான் அனுப்பியாச்சே. திரும்பத் திரும்ப வந்தா எப்படிம்மா?”

ஏழு சீட்டுகளையும் மேஜைமேல் வரிசையாக வைத்தேன். நான்தான் ரெஜிஸ்டர் எழுதினேன் என்றேன். அவர் சிரித்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். “9.4 எழுது. பத்து தடவ.”

எழுதினேன். பீரோவிலிருந்து ரெஜிஸ்டர் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அவர் சிரிப்பு போய்விட்டது. சிவப்பு மைச் சீட்டை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. சரிபார்த்தேன் என்று எழுதினவர்தானே? ஓணானைப் பார்க்கக் குனிந்தாரா?

“உங்கப்பா கையெழுத்து எல்லா பக்கத்துலயும் இருக்கு. தெரியுமா?”

“தெரியும்.”

“நீ வந்தது அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“இப்ப எடுத்துட்டுப் போனா நான் எதுவும் பாக்கல. நாளைக்கு வந்து கேட்டா குடுக்க முடியாது.”

மேரிராணி ஆன்ட்டி என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இழுப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

“ரசீது குடுங்க மேடம்” என்றேன்.

ஏழு சீட்டுகள் பெறப்பட்டன என்று முத்திரை போட்டுக் கொடுத்தார். தேதி சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன்.

27 நவம்பர், வியாழன்

இந்த முறை தேதி சொல்லாமல் வந்தார்கள். திண்டில் நான்கு போல்ட்டுகள். மூன்று மணிக்குள் கரண்டைத் துண்டித்துவிட்டார்கள். மூடுதல் உத்தரவு கேட்டில் ஒட்டியிருக்கிறது. ஆபரேட்டர் தானாகவே பொய் எழுதினார், எங்களுக்குத் தெரியாது என்று கம்பெனி எழுதிக் கொடுத்துப் பார்த்ததாம். சிவப்பு மைச் சீட்டைக் காட்டியதும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. வெள்ளைச்சாமியை எல்லை தாண்டி வேறு யூனிட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பாவை எங்கும் அனுப்பவில்லை. வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நாற்பத்தி இரண்டு பேருக்கு வேலை இல்லை.

30 நவம்பர், ஞாயிறு

காலையில் கதவைத் திறந்தால் வாசல் முழுக்கக் கறுப்பு ஆயில். கோலம் போடுகிற இடத்தில், படியில், செருப்புகளில். அம்மா சாம்பலும் சோப்புத்தூளும் போட்டு முழங்காலில் நின்று தேய்த்தாள். எதிர்வீட்டு ராமப்பன் பீடியோடு நின்று பார்த்துவிட்டு, “ஏமி சென்றாயா, கம்பெனி வூட்டுக்கே வந்துட்சா?” என்றார். அவர் மகனும் அங்கேதான் வேலை பார்த்தான்.

நானும் துணியோடு உட்கார்ந்தேன். “நீ தொடாத” என்றாள் அம்மா. “உன் கைதான் சுத்தமான கையாச்சே. அத வெச்சு எழுது.”

எழுதுகிறேன், அம்மா.

8 டிசம்பர், திங்கள்

எவாஞ்சலின் கடைசி பெஞ்சுக்கு மாறிவிட்டாள். பத்து நாளாக நாற்றம் இல்லை. எல்லா ஜன்னல்களும் திறந்திருக்கின்றன. யாரும் என்னோடு பேசவில்லை.

11 ஜனவரி 2026, ஞாயிறு

கம்பெனி டைரி தீர்ந்துவிட்டது. இது நானே வாங்கின நோட்டு. அடியில் எந்த வாக்கியமும் இல்லை.

அப்பா அம்மாவோடு ரோஜா ஷெட்டுக்குப் போகிறார், மருந்தடிக்க. எதுவாக இருந்தாலும் அம்மா வழியாகத்தான் பேச்சு. “அவகிட்ட சொல்லு, சைக்கிள் பஞ்சர்னு.” பக்கத்தில்தான் நிற்பேன்.

இன்று சாப்பிடும்போது கையை நிறுத்திவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். “எவன் வண்டில கொத்தமல்லி போவுது?” என்றார். வாசலில் ஒன்றும் இல்லை. தூரத்து ரோட்டில் வண்டி போகிற சத்தம் மட்டும் கேட்டது, கண்ணுக்குத் தெரியாது. அம்மா அப்பாவையே பார்த்தாள். பிறகு குனிந்து இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

19 ஜனவரி, திங்கள்

நிபந்தனைகளோடு கம்பெனியைத் திறக்க வாரியம் அனுமதித்துவிட்டது. புது மோட்டார், புது மீட்டர். மோட்டார் ஓடுகிற சத்தம் பள்ளிவரை கேட்கிறது. முதல்முறையாக அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன். அப்பாவைக் கூப்பிடவில்லை. அவர் வேலை அஜித்குமாருக்கு.

25 ஜனவரி, ஞாயிறு

நான்கு மணி இருக்கும். நான் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். வாசலில் அஜித்குமார் அண்ணன். அக்குளில் பச்சை அட்டை ரெஜிஸ்டர், புதுசு.

“அக்கா, சுமா இருக்குதா? சும்மா ஒரு பக்கம். நம்ம கை கோழி கிளறின மாதிரி வருது. புது சூப்பர்வைசர் திட்டறான்.”

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். உள்ளே படுத்திருந்த அப்பா எழுந்து வந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நிலையில் கை வைத்து நின்றார்.

“மீட்டர் ஓடுதாடா?”

“ஓடுதுண்ணா. நிமிஷத்துக்கு ஒரு நம்பர் காட்டுது.”

“என்னா காட்டுது?”

அஜித்குமார் தெருவைப் பார்த்தார். குரலை இறக்கினார். “ரெண்டு நாளா ஏழரைதான்ணா காட்டுது. அதான் சுமாகிட்ட...”

“ஏழரைன்னா ஏழரைன்னு எழுது. காஸ்டிக்க கொட்டு.”

“சரக்கு தீந்து போச்சுண்ணா. லோடு வரல.”

“அப்ப இல்லன்னு எழுது.”

“அண்ணா, நீ வேற. உனக்குத் தெரியாததா?”

“எனக்குத் தெரியும். அதான் சொல்றேன். மெஷின் எதுர நின்னு, பாத்து, உன் கையால எழுது. கோழி கிளறினாலும் பரவால்ல. எம்பொண்ணு எழுத மாட்டா.”

கதவைச் சாத்தினார். வெளியே அஜித்குமார் கொஞ்ச நேரம் நின்றதும், செருப்புச் சத்தம் போனதும் கேட்டது. காற்று இந்தப் பக்கம்தான் வீசியது. லேசாக, வெகு லேசாக, முட்டை நாற்றம். அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். மூக்கைத் துண்டால் துடைத்தார்.

என்னைத் தாண்டி உள்ளே போகும்போது நின்றார். அம்மா அந்த அறையில் இல்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“லைட்ட போட்டுக்கினு படி.”